கார் ஏ.சி.யில் கேஸ் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷா வருஷம் கேஸ் போடுவது சாதாரணம்தானே? ஓட ஓடத் தீர்ந்துபோகாதா?

தீராது. பெட்ரோல் மாதிரி எரிந்து செலவாகிற பொருள் இல்லை இது. மூடிய வளையத்துக்குள் ஆவியாகி, மறுபடி திரவமாகி, அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது என்றுதான் பொருள்.

அதற்காக ஒரு கிராம்கூடப் போகாத ஏ.சி.யும் கிடையாது. ஹோஸின் ரப்பர் சுவர், ஓ-ரிங், கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவிப் போகத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த விதி, ஆர் 134ஏ போன்ற கேஸ் நிரப்பிய வண்டிகளுக்கு ஆண்டுக்கு 40 கிராம் வரை கசிவை அனுமதித்தது. பின்னாலும் ஒரு கூலிங் காயில் (உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) இருந்தால் 60 கிராம். இது உச்சவரம்பு, நல்ல வண்டியில் இதைவிடக் குறைவாகவே போகும். 500 கிராம் பிடிக்கிற வண்டியில் ஐந்தாறு வருஷம் கழித்துக் குளிர்ச்சி லேசாக மட்டுப்பட்டால் அது வயசு. வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்பியே ஆக வேண்டுமென்றால் அது ஓட்டை.

குளிர்ச்சி குறைந்தாலே கசிவுதானா?

இல்லை. கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்கப் பாகம்) ஃபேன் சுற்றாதது, கேபின் ஃபில்டர் அடைத்தது, சூடான காற்றையும் குளிர்காற்றையும் பிரிக்கும் கதவு பாதியில் நின்றது, கூலிங் காயிலுக்குள் போகும் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு சிக்கிக்கொண்டது என்று எத்தனையோ இருக்கின்றன. வண்டி ஓடும்போது நன்றாகவும் சிக்னலில் நின்றால் மந்தமாகவும் குளிர்ந்தால் முதலில் ஃபேனைப் பாருங்கள். கேஸ் குறைந்ததற்கு அடையாளம் வேறு: கம்ப்ரஸர் கிளட்ச் சில விநாடிக்கு ஒருமுறை 'டக், டக்' என்று பிடித்துப் பிடித்து விடும். லோ சைடு, அதாவது கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கத்தின் அழுத்தம் சட்டென்று விழுந்து சுவிட்ச் அணைக்கிறது, மறுபடி ஏறியதும் போடுகிறது. கேஸ் இன்னும் குறைந்தால் கிளட்ச் பிடிக்கவே பிடிக்காது.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் எவ்வளவு கேஸ் இருக்கிறதென்று தெரிந்துவிடாதா?

பலர் ஏமாறுகிற இடம் இதுதான். வண்டியை அணைத்து ஆறவைத்து, கேஜ் மாட்டிப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே துளியளவு திரவம் இருக்கும்வரை கேஜ் காட்டுகிற அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. அளவைப் பொறுத்தது அல்ல. ஆர் 134ஏவுக்கு 20 டிகிரி செல்சியஸில் சுமார் 4.7 பார், அதாவது 68 பி.எஸ்.ஐ. 25 டிகிரியில் 82, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114 பி.எஸ்.ஐ. 500 கிராம் இருந்தாலும் இதே எண்தான், 250 கிராம் இருந்தாலும் இதே எண்தான். கடைசி நூறு கிராம் சொச்சத்துக்கு வந்து, உள்ளே திரவமே இல்லாமல் வெறும் ஆவியாக நிற்கும்போதுதான் முள் கீழே இறங்கத் தொடங்கும்.

ஆகவே நின்ற நிலையில் 30 டிகிரி வெயிலில் 60 பி.எஸ்.ஐ. காட்டினால் வண்டி கிட்டத்தட்ட காலி. 97க்குப் பக்கத்தில் காட்டினால் 'கேஸ் இருக்கிறது' என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 97ஐத் தாண்டி நன்றாக மேலே காட்டினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

எடை போடுவதில். பானெட்டின் அடியிலோ ரேடியேட்டர் மேல் பட்டையிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேஸின் வகையும் கிராம் கணக்கும் அதில் அச்சிட்டிருக்கும். உள்ளே மிச்சமிருப்பதை மீட்பு இயந்திரத்தால் வெளியே எடுத்து எடை பாருங்கள். எடுப்பதற்கு முன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினால் நல்லது. எண்ணெயில் கரைந்திருக்கும் கேஸ் சட்டென்று வராது. இயந்திரம் 'முடிந்தது' என்று சொன்ன பிறகும் ஐந்து பத்து நிமிஷம் நிறுத்திவைத்தால் அழுத்தம் மறுபடி ஏறுவதைப் பார்க்கலாம்; அதையும் எடுத்துவிட வேண்டும்.

இப்போது கணக்கு. ஸ்டிக்கரில் 500 கிராம், கிடைத்தது 320, போன தடவை முழுதாக நிரப்பி 18 மாதம் ஆயிற்று என்றால், 180 கிராம் 18 மாதத்தில் போயிருக்கிறது. மாதத்துக்கு 10 கிராம். இந்த ஒரு எண்தான் அடுத்து எந்தக் கருவியை எடுப்பது என்று சொல்கிறது. மாதம் 10 கிராம் என்றால் கேஸை மோப்பம் பிடிக்கும் எலக்ட்ரானிக் டிடெக்டரோ யூ.வி. விளக்கில் ஒளிரும் சாயமோ போதும். ஒரே நாளில் காலியாகிறதென்றால் நைட்ரஜன் ஏற்றினாலே காதில் சத்தம் விழும். எடை போடாமல் ஏற்கெனவே இருப்பதன் மேல் டாப்-அப் செய்தவர், இந்தக் கணக்குக்கு இருந்த ஒரே ஆதாரத்தையும் அழித்துவிடுகிறார்.

ஒரு எச்சரிக்கை: வண்டியில் முன்பு யார் எதை ஏற்றினார்கள் என்று தெரியாவிட்டால், கேஸ் அடையாளம் காட்டும் கருவியால் முதலில் சோதியுங்கள். ஆர் 134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி சிலிண்டர்கள் உலகச் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. அது அலுமினியத்தோடு வினைபுரியும். அதைத் தெரியாமல் இழுத்தால் மீட்பு இயந்திரமும் நாசம், ஆளுக்கும் ஆபத்து.

கருவி எடுப்பதற்கு முன் கண்ணால் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

கேஸோடு சேர்ந்து எண்ணெயும் சுற்றுகிறது. கேஸ் போகிற இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் வியர்க்கும், அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்த பசையாகும். இந்தப் பசையைத்தான் தேட வேண்டும்.

கண்டென்சரில் தொடங்குங்கள். வண்டியின் முகத்திலேயே நிற்பதால் சாலைக் கல் முழுதும் அதன் மேல்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் நல்ல இடத்தில் ஃபின் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்கும். கசிகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஈரமும் கறுப்புமாக, தூசி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அந்தத் திட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். எண்ணெய் கீழே வழியும். ஓட்டை மேலே இருக்கும். பக்கத் தொட்டியோடு குழாய் பற்ற வைத்த ஓரங்களும், பம்பரின் பிடிமானம் உரசுகிற மூலைகளும் அடுத்து.

பிறகு கம்ப்ரஸர். ஷாஃப்ட் சீல் போயிருந்தால் புல்லி எண்ணெயை விசிறியடிக்கும். அதனால் கறை கம்ப்ரஸரில் மட்டும் இருக்காது; கிளட்ச்சின் முன்தட்டிலும், புல்லியின் நேர் எதிரே பானெட்டின் அடிப்பக்கத்திலும் ஒரு கோடாக விழுந்திருக்கும். அந்தக் கோடு கிடைத்தால் தீர்ப்பு பாதி எழுதியாயிற்று. உடலின் பாதிகள் சேருகிற கேஸ்கெட் ஓரத்தையும் துடைத்துப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் மேலிருந்து சொட்டி இங்கே வந்து சேர்ந்து ஏமாற்றுவதும் உண்டு.

ஹோஸின் ரப்பரும் அலுமினியமும் சேரும் நசுக்கிய வளையம், பிராக்கெட்டில் உரசித் தேய்ந்த பைப், எக்ஸ்பான்ஷன் வால்வின் பைப் இணைப்பு, பிரஷர் சுவிட்சின் அடி. சுவிட்சில் ஒரு விசேஷம்: கனெக்டரைக் கழற்றினால் பிளாஸ்டிக்குக்குள் எண்ணெய் நின்றால் சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. வெளியே பளிச்சென்று இருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள். பின்னாலும் ஏ.சி. உள்ள பெரிய வண்டிகளில் தரைக்கடியில் ஓடும் நீண்ட அலுமினியக் குழாய்களை மறந்துவிடாதீர்கள். மண்ணும் ஈரமும் உப்பும் சேர்ந்து பிடிமானங்களுக்கடியில் அரித்துவிடும்.

கேஜ் மாட்டிக் கேஸ் ஏற்றும் சர்வீஸ் போர்ட் கசியுமா? மூடி போட்டிருக்கிறதே.

அடிக்கடி கசிகிற இடங்களில் அதுவும் ஒன்று, அதைச் சோதிக்காமல் விடுவதும் வழக்கம். டயர் வால்வு மாதிரி ஒரு பின் வால்வுதான் உள்ளே இருக்கிறது. கேஜ் மாட்டும்போது அந்த வால்வு திறந்துவிடுவதால் கசிவு மறைந்துபோகும். எனவே கேஜைக் கழற்றிய பிறகு சோதிக்க வேண்டும். கழற்றியதும் போர்ட்டின் குழிக்குள் கொஞ்சம் கேஸும் எண்ணெயும் தேங்கி நிற்கும், டிடெக்டர் வீணாகக் கத்தும். காற்று ஊதிச் சுத்தம் செய்து, ஒரு சொட்டுச் சோப்பு நீரை உள்ளே விட்டுப் பாருங்கள். குமிழ் எழும்பினால் வால்வு போயிற்று. மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி தூசிக்காக மட்டும் என்று நினைக்கிறோம். இரண்டாவது தடுப்பே அதுதான்.

சோப்பு நுரை போதாதா? மலிவாயிற்றே.

பெரிய கசிவுக்குப் போதும். சின்னதுக்குப் பொறுமை வேண்டும். ஆண்டுக்கு 40 கிராம் போகிற கசிவை எடுத்துக்கொள்வோம். ஆர் 134ஏவின் மூலக்கூறு எடை 102. 40 கிராம் என்றால் சாதாரண வெப்பநிலையில் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆவி. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஒரு மில்லிலிட்டர். சோப்பு தடவிப் பத்து விநாடி பார்த்துவிட்டு 'இங்கே இல்லை' என்று நகர்ந்தால் எப்படிக் கிடைக்கும்? ஒரு இணைப்புக்கு ஐந்து நிமிஷமாவது விட்டுப் பிறகு பாருங்கள். பெரிய குமிழை எதிர்பார்க்காதீர்கள். முகச்சவர நுரை மாதிரி நுண்ணிய வெள்ளைப் பொட்டு மெல்ல வளரும்.

பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாக அடித்தால் தானாகவே நுரை நிற்கும், எதுவும் தெரியாது. நீர்த்து, குலுக்காமல், தூரிகையால் தடவுங்கள். சோதனை முடிந்ததும் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். சில சோப்புகள் அலுமினியத்தை அரிக்கும்.

எலக்ட்ரானிக் டிடெக்டர் எங்கே வைத்தாலும் கத்துகிறது, அல்லது எங்கேயும் கத்துவதில்லை. ஏன்?

பெரும்பாலும் கை வேகம்தான் காரணம். முனை பரப்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விநாடிக்கு 25 முதல் 50 மில்லிமீட்டர்தான் நகர வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஒரு சாதாரண ஹோஸைச் சுற்றி வரவே சில விநாடி ஆகும். கேஸ் காற்றைவிடக் கனம். அதனால் ஒவ்வொரு இணைப்பின் அடிப்பக்கத்தையும் தடவ வேண்டும். அகச்சிவப்பு வகை டிடெக்டர் கேஸ் அளவில் ஏற்படும் மாற்றத்தைத்தான் காட்டும். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் அதையே சாதாரணக் காற்று என்று எடுத்துக்கொண்டு அடங்கிவிடும். நகர்த்திக்கொண்டே இருங்கள்.

உள்ளே போதிய அழுத்தமும் வேண்டும்: நின்ற நிலையில் குறைந்தது 50 பி.எஸ்.ஐ., சுற்றுப்புறம் 15 டிகிரிக்கு மேல். காலி வண்டியில் மோப்பம் பிடித்துப் பயனில்லை. காற்று வீசும் இடத்திலும், கேஸ் நாற்றம் நிரம்பிய பட்டறையிலும் செய்ய வேண்டாம். பிரேக் கிளீனர், பெட்ரோல் ஆவி, கண்ணாடி கழுவும் நீர், பெல்ட் ஸ்பிரே எல்லாமே பொய் அலாரம் கொடுக்கும். நனைந்த இடத்தில் முனையை நுழைத்தால் சென்சாரே போய்விடும்.

அலாரம் அடித்த இடத்தைக் காற்றால் ஊதி மறுபடி சோதியுங்கள். இரண்டு மூன்று தடவை அதே இடத்தில் அடித்தால்தான் நம்பலாம். அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே2791 தரத்துக்கு ஏற்ற டிடெக்டரில் ஆண்டுக்கு 4, 7, 14 கிராம் என மூன்று நுணுக்கம் இருக்கும். முதலில் 14இல் வையுங்கள். நேராக 4இல் வைத்தால் ஹோஸின் இயல்பான ஊடுருவலுக்குக்கூடக் கத்தும்.

ஏ.சி. ஓடும்போது சோதிப்பதா, அணைத்துவிட்டா?

இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விடை. ஓடும்போது ஹை சைடில், அதாவது கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சர் வழியாகப் போகும் பக்கத்தில், 14, 15 பார் ஏறும், லோ சைடு 2, 3 பாருக்கு இறங்கிவிடும். அணைத்துச் சமமாக விட்டால் இரண்டும் 5, 6 பாரில் நிற்கும். அதாவது கண்டென்சரும் ஹை சைடு ஹோஸும் ஓடும்போது அதிகம் கசியும். கூலிங் காயில் வண்டி நிற்கும்போதுதான் அதிகம் கசியும். ஆகவே ஏ.சி.யைப் பத்து நிமிஷம் நன்றாக ஓட்டி, எஞ்சினை அணைத்த உடனே ஹை சைடு முழுதையும் தடவி முடித்துவிடுங்கள். அழுத்தம் சமமான பிறகு லோ சைடுக்கு வாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஃபேன் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், பெல்ட்டும் கைக்கு ஆபத்து.

ஷாஃப்ட் சீலுக்குச் சரியான நேரம் காலை, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன். இரவெல்லாம் நின்றதில் சீலின் மேல் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்திருக்கும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் முனையை நுழைத்துப் பாருங்கள்.

கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது?

புளோயரை உச்ச வேகத்தில் 15 விநாடிக்குக் குறையாமல் ஓடவிட்டுப் பழைய காற்றைத் துரத்துங்கள். அணைத்துவிட்டுக் கதவு, ஜன்னல் மூடி, பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். காயிலின் பெட்டிக்குள் கேஸ் தேங்கட்டும். பிறகு புளோயர் ரெசிஸ்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக முனையை நுழையுங்கள். அது எட்டாவிட்டால் வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டும் வடிகுழாய் வழியாக, ஆனால் குழாயில் தண்ணீர் இல்லையென்று உறுதி செய்துகொண்டு. அதனால்தான் இந்தச் சோதனையை அன்று ஏ.சி. போடுவதற்கு முன்பே செய்வது வசதி.

இங்கே அலாரம் அடித்ததும் டேஷ்போர்டைப் பிரிக்கத் தாவ வேண்டாம். பல வண்டிகளில் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஓ-ரிங்கில் கசிவது பெட்டிக்குள் நுழைந்து காயில் போலவே காட்டும். வால்வு எஞ்சின் பக்கச் சுவரில் இருக்கும். ஒரு போல்ட், இரண்டு ஓ-ரிங். அது கசியவில்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

யூ.வி. சாயம் போடலாமா?

மெதுவாகப் போகிற கசிவுக்கு அருமையான வழி. சாதாரணக் காருக்கு ஒரு டோஸ், சுமார் 7 மில்லி. ஏற்கெனவே சாயம் இருந்தால் மறுபடி போடக்கூடாது. எண்ணெய் நீர்த்துக் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். போட்டுவிட்டு வண்டியை ஓட்டுங்கள். பெரிய கசிவு அரை மணியில் தெரியும். சின்னதுக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். இருட்டில், மஞ்சள் கண்ணாடி போட்டு, யூ.வி. விளக்கைக் காட்டினால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். கூலிங் காயிலுக்கு வடிகுழாயின் வாயையும் சொட்டும் நீரையும் பாருங்கள்.

குளிரூட்டும் நீரும் சில எஞ்சின் எண்ணெய்களும்கூட யூ.வி.யில் ஒளிரும். போன தடவை சரிசெய்தவர் துடைக்காமல் விட்ட சாயமும் ஒளிரும். சர்வீஸ் போர்ட் வாயில் எப்போதுமே ஒளிரும், கேஜ் கழற்றும்போது தெறித்தது அது. ஆகவே ஒளிர்ந்த இடத்தைத் துடைத்து, சில நாள் ஓட்டி, மறுபடி ஒளிர்கிறதா என்று பார்த்த பிறகே பாகத்தை மாற்றுங்கள்.

உள்ளே கேஸே இல்லை. புதுக் கேஸ் ஏற்றித்தான் தேட வேண்டுமா?

வேண்டாம். ஓட்டை என்று தெரிந்தே கேஸ் ஏற்றிக் காற்றில் விடுவது வீண். ஆர் 134ஏ ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடு 1,430 கிலோவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும் என்பது கணக்கு. உலர் நைட்ரஜனைப் பயன்படுத்துங்கள். சிலிண்டரில் 150 முதல் 200 பார் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் ஏ.சி.யில் மாட்டினால் காயில் வெடித்துவிடும். மெதுவாக ஏற்றி 10 பாரில் நிறுத்துங்கள். லோ சைடு பாகங்களுக்கு அதற்கு மேல் வேண்டாம். காதை வைத்துக் கேளுங்கள், சோப்பு நுரை தடவுங்கள். டிடெக்டரும் உதவ வேண்டுமென்றால் 5 சதவீதம் ஹைட்ரஜன், 95 சதவீதம் நைட்ரஜன் கலந்த சோதனை வாயுவும் அதற்கான ஹைட்ரஜன் டிடெக்டரும் இருக்கின்றன. இந்த விகிதத்தில் தீப்பிடிக்காது. ஹைட்ரஜன் மூலக்கூறு சிறியதென்பதால் மயிரிழை வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும்.

ஆக்சிஜன் சிலிண்டரை ஒருக்காலும் மாட்டாதீர்கள்; எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். காற்றுக் கம்ப்ரஸரும் வேண்டாம். ஈரத்தை உள்ளே தள்ளும், அழுத்தமான காற்றும் ஆர் 134ஏவும் கலந்தால் எரியும் தன்மையும் வரலாம்.

இரவெல்லாம் நைட்ரஜன் விட்டேன், காலையில் 5 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கிறது. கசிவா?

வெப்பநிலை குறித்து வைத்தீர்களா? 35 டிகிரியில் 10 பார் கேஜ் என்றால் முழு அழுத்தம் 11 பார். காலையில் 25 டிகிரி ஆனால் 11ஐ 298ஆல் பெருக்கி 308ஆல் வகுக்க, 10.64 வரும். 0.36 பார், அதாவது 5 பி.எஸ்.ஐ. குளிரிலேயே போய்விடும். மதியம் அதே வெப்பம் வந்ததும் மறுபடி பாருங்கள். கேஜின் ஹோஸே கசிவதும் சகஜம். முதலில் அதன் இணைப்புகளுக்கு நுரை தடவுங்கள்.

வேக்குவம் அரை மணி நின்றது, ஆனாலும் கேஸ் போகிறது. எப்படி?

வேக்குவத்தில், அதாவது பம்பால் உறிஞ்சி உள்ளே வெற்றிடமாக்கும்போது, வெளிக்காற்று ஒரு பார் அளவுக்கு உள்நோக்கி அழுத்துகிறது, அவ்வளவுதான். ஓடும்போது ஹை சைடில் 15 பார் வெளிநோக்கித் தள்ளுகிறது. வெளியே திறந்துகொள்ளும் வெடிப்பு வேக்குவத்தில் மூடிக்கொள்ளலாம். ஓ-ரிங்கும் எதிர்ப்பக்கம் இழுபட்டுப் பிடித்துக்கொள்ளலாம். வேக்குவம் நிற்காவிட்டால் கசிவு இருக்கலாம். நின்றால் கசிவு இல்லை என்று அர்த்தமில்லை.

நிற்காததும் எப்போதும் கசிவல்ல. உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகி முள்ளைத் தூக்கும், எண்ணெயில் கரைந்த கேஸும் தூக்கும். ஈரத்தால் என்றால் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். ஓட்டையால் என்றால் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். இதைப் பார்க்க வெற்றிடத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் வேண்டும். சாதாரண மேனிஃபோல்டு முள்ளில் இந்த வித்தியாசம் தெரியாது.

எல்லாம் செய்தாயிற்று. கசிவு மட்டும் கிடைக்கவில்லை.

துண்டு துண்டாகப் பிரியுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்விடம் பைப்பைக் கழற்றி இரண்டு பக்கமும் அடைப்புத் தட்டு போட்டு, காயிலை மட்டும் தனியாக நைட்ரஜனில் வையுங்கள், மீதியைத் தனியாக. எந்தப் பாதி விழுகிறதென்று தெரிந்தால் வேலை பாதியாயிற்று. சந்தேகமான கண்டென்சரைக் கழற்றி, வாயை அடைத்து, அழுத்தம் ஏற்றித் தண்ணீரில் அமுக்கினால் மறைக்க முடியாது.

கழற்ற வழியில்லாத இணைப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ஒரு மணி கழித்துக் கீழ்ப்புறம் சின்ன ஓட்டை போட்டு டிடெக்டர் முனையை நுழைத்தால், காற்றில் கரைந்துபோகிற கேஸ் அங்கே தேங்கி நிற்கும்.

சில கசிவுகள் சூட்டிலும் அதிர்விலும் மட்டும் வரும். நசுக்கிய வளையத்துக்குப் பக்கத்தில் ஹோஸைக் கையால் லேசாக வளைத்துப் பிடித்துச் சோதியுங்கள். கம்ப்ரஸரில் உள்ள பாதுகாப்பு வால்வையும் மறந்துவிடாதீர்கள். கண்டென்சர் ஃபேன் நின்ற ஒரு நாளில் அழுத்தம் எகிறி அது ஒருமுறை திறந்து மூடியிருந்தால், கேஸில் ஒரு பங்கு சட்டென்று போயிருக்கும். ஓட்டை எங்கேயும் இருக்காது. அந்த வால்வைச் சுற்றித் தெறித்த எண்ணெய் மட்டும் இருக்கும்.

லீக் அடைக்கிற திரவம் டப்பாவில் விற்கிறதே?

தொடவே வேண்டாம். ஈரம் அல்லது காற்று பட்டால் இறுகுகிற வகைகள் அவற்றில் உண்டு. வெளிக்காற்று படுகிற ஓட்டையில் மட்டும் இறுகும் என்பது டப்பாவின் பேச்சு. எக்ஸ்பான்ஷன் வால்விலும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலும், மீட்பு இயந்திரத்துக்குள்ளும்கூட இறுகும். தேய்ந்த ஷாஃப்ட் சீலையோ நசுங்கிய குழாயையோ அது அடைக்காது. திரவம் போட்ட வண்டி என்றால் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

கம்ப்ரஸருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது, அது எண்ணெயில் மூழ்கியே ஓடுகிறது. அதனால் பெரும்பாலானவற்றில் மின்சாரம் கடத்தாத பி.ஓ.இ. எண்ணெய். சாதாரண பி.ஏ.ஜி. எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் காப்பு குறைந்து வண்டி பழுதுக் குறி காட்டி நின்றுவிடும். ஆகவே பி.ஏ.ஜி.யில் கலந்த சாயம், பி.ஏ.ஜி. ஓடிய இயந்திரத்தின் ஹோஸ் எதுவும் இங்கே கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடும் முன் தயாரிப்பாளர் சொன்னபடி மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும்.

பேட்டரியைக் குளிரவைக்கும் சில்லரில் கேஸும் குளிரூட்டும் நீரும் ஒரே தட்டின் இரண்டு பக்கம் ஓடுகின்றன. நடுவில் வெடித்தால் வெளியே ஒரு சொட்டு எண்ணெயும் தெரியாது. குளிரூட்டும் நீர்த் தொட்டியில் காரணமில்லாமல் குமிழ் வந்தால், மூடியைத் திறந்து நீரில் படாமல் டிடெக்டர் முனையைப் பிடியுங்கள்.

புது வண்டிகளில் ஆர் 134ஏவுக்குப் பதிலாக வரும் ஆர் 1234ஒய்.எஃப். கேஸுக்கும் இதே முறையா?

முறை ஒன்றே, கருவி வேறு. லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ் அது. அதற்கென்று ஜே2913 தரத்தில் டிடெக்டர் இருக்கிறது. போர்ட்டும் இயந்திரமும் தனி. அடாப்டர் போட்டு ஆர் 134ஏ ஏற்றினால் கலப்படமாகிவிடும், அடுத்தவர் மீட்க முடியாது. எந்தக் கேஸானாலும் தீச்சுடர், சிகரெட் பக்கத்தில் கூடாது. சுடரில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு உண்டாகும்.

ஓட்டை கிடைத்துவிட்டது. மாற்றும்போது என்ன தப்பு நடக்கிறது?

பழைய ஓ-ரிங்கையே போடுவது முதல் தப்பு. நசுங்கியது திரும்ப எழும்பாது. ஏ.சி.க்கான ஹெச்.என்.பி.ஆர். ரப்பரில், அதே உள்விட்டமும் அதே தடிமனும் உள்ளதை வாங்குங்கள். கலவைப் பெட்டியில் 'கிட்டத்தட்ட' பொருந்துவது ஆறு மாதத்தில் திரும்பி வரும். கையேடு சொல்லும் எண்ணெயைத் தடவி மாட்டுங்கள், உலர்வாக மாட்டினால் முறுக்கிக் கிழியும். இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அடைப்பது மரை அல்ல, ஓ-ரிங். இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள், ஒன்றால் இறுக்கினால் அலுமினியக் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

பாகத்தோடு போன எண்ணெயை ஈடுசெய்ய வேண்டும். கண்டென்சருக்கோ காயிலுக்கோ வழக்கமாக 30 முதல் 50 மில்லிக்குள் வரும். சரியான எண் அந்த வண்டியின் கையேட்டில்தான். அமைப்பு நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றுங்கள். பிறகு 30, 45 நிமிஷம் வேக்குவம், 500 மைக்ரானுக்குக் கீழே. அதற்குப் பிறகு ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு, தராசில் வைத்து நிரப்புங்கள். முள்ளைப் பார்த்து நிரப்பினால் ஏன் சரியாக வராது என்பதற்கான விடை மேலே மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

ஒரு கசிவை அடைத்ததும் மற்ற இணைப்புகளையும் ஒரு சுற்று டிடெக்டரால் தடவுங்கள். பழைய வண்டியில் இரண்டாவது ஓட்டை இருப்பது அபூர்வமல்ல. பெரியது கத்திக்கொண்டிருந்தவரை சின்னதன் குரல் கேட்டிருக்காது. ஒளிரும் சாயத்தைத் துடைத்துவிடுங்கள், நிரப்பிய தேதியையும் கிராமையும் எழுதிப் பானெட்டுக்கடியில் ஒட்டிவிடுங்கள்.

நீண்ட நாள் ஏ.சி. போடாமல் வைத்தால் கேஸ் மிச்சமாகுமா?

நேர்மாறு. எண்ணெய் படாமல் ஷாஃப்ட் சீல் காய்ந்து, அதன் வழியாகவே போகும். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் போட்டுவிடுங்கள், குளிர் நாளானாலும்.